கோர் எண்ணிக்கையை நம்பி சர்வர் வாங்காதீர்கள்: வடசென்னைக் கடைக்கும் அலுவலகத்துக்கும் ப்ராசஸர் தேர்வு செய்ய முழுமையான வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது மாலை ஏழு மணிக்கு அழைத்தார்கள். ஒன்பது கவுன்ட்டரிலும் கூட்டம். பில் போடும் பையன் பார்கோடை அடித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் மனதுக்குள் எண்ணினேன். பதினொன்று எண்ணிய பிறகுதான் பிரிண்டர் சத்தம் கேட்டது.

"தம்பி, போன வருஷம்தானே பெரிய சர்வர் போட்டோம்? இருபத்தெட்டு கோர்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. இன்னும் பெருசா போடணுமா?" என்று முதலாளி கேட்டார்.

சர்வரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு (ப்ராசஸர்) பயன்பாடு 2 சதவீதம்.

"மீதி 98 என்ன செய்யுது?"

"சும்மா நிக்குது, அண்ணாச்சி."

அந்த 2 சதவீதத்துக்குள் என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொண்டால் ப்ராசஸர் தேர்வில் பாதி வேலை முடிந்துவிடும். அது இன்டெலின் ஸியான் இ5-2680 வி4 ப்ராசஸர் இரண்டு போட்ட பழைய மெஷின். ஒவ்வொன்றிலும் 14 கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பிரிவு), ஒரு கோரை இரண்டு வேலை வரிசையாக (த்ரெட்) காட்டும் ஹைப்பர்த்ரெடிங் சேர்த்து மொத்தம் 56 த்ரெட். ஒரு த்ரெட் மூச்சுமுட்ட ஓடினாலும் டாஸ்க் மேனேஜரின் கணக்கில் அது 56-இல் ஒரு பங்குதான், அதாவது 1.8 சதவீதம். கடையின் பில்லிங் மென்பொருள் எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸின் எக்ஸ்பிரஸ் என்ற இலவசப் பதிப்பின் மேல் ஓடியது. 2022 வரை வந்த எக்ஸ்பிரஸ் பதிப்புகள் ஒரு சாக்கெட் (ப்ராசஸர் செருகும் இடம்) அல்லது நான்கு கோர், இதில் எது குறைவோ அதற்கு மேல் தொடாது. எத்தனை ஜிபி ரேம் போட்டாலும் டேட்டாவை நினைவில் வைத்திருக்க 1,410 எம்பிதான் எடுத்துக்கொள்ளும். டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வியைப் பல கோருக்குப் பிரித்தும் கொடுக்காது. மாடியில் கணக்கர் ஸ்டாக் ரிப்போர்ட்டை ஓட விட்டிருந்தார். அது ஒரே கோரில் ஊர்ந்துகொண்டிருந்தது. அது பூட்டி வைத்த அட்டவணைக்காகக் கீழே ஒன்பது கவுன்ட்டரும் காத்திருந்தன.

ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை, மண்ணடி முதல் மாதவரம் வரை இதே கதையை வேறு வேறு உருவத்தில் பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்த வழிகாட்டி. சிறிய, நடுத்தரத் தொழில்களுக்காக எழுதுகிறேன். பெரிய டேட்டா சென்டர் கட்டுபவர்களுக்கு வேறு கணக்கு.

முதல் படி: கூட்ட நேரத்தில் அளந்து பாருங்கள்

இதைத் தாண்டி ஓடாதீர்கள். புதிய சர்வரே தேவையில்லை என்று இந்தப் படியிலேயே தெரிந்துபோன இடங்கள் உண்டு.

எப்போது அளப்பது என்பது தொழிலைப் பொறுத்தது. துணிக்கடைக்கு ஆடித் தள்ளுபடியும் தீபாவளிக்கு முந்தைய சனி, ஞாயிறு மாலையும். கணக்கு அலுவலகத்துக்கு ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யும் 11-ஆம் தேதியும், 3பி தாக்கல் செய்யும் 20-ஆம் தேதியும். செங்குன்றம் அரிசி மண்டிக்கு விடிகாலை லோடு ஏற்றும் நேரம். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு அளந்தால் எந்த சர்வரும் நல்ல சர்வர்தான்.

விண்டோஸில் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் இலவசமாகவே இருக்கிறது. ஒரு வாரம் பதிவு செய்ய விடுங்கள். சிபியு மொத்தப் பயன்பாடு, ப்ராசஸர் க்யூ நீளம் (வரிசையில் காத்திருக்கும் வேலைகள்), மீதமுள்ள ரேம், டிஸ்க் ஒரு படிப்புக்கும் எழுத்துக்கும் எடுக்கும் நேரம், நெட்வொர்க் ஆகிய ஐந்தும் போதும். லினக்ஸாக இருந்தால் விஎம்ஸ்டாட் ஓட விட்டு, வரிசையில் நிற்கும் வேலைகளைக் காட்டும் 'ஆர்' பத்தியையும் டிஸ்குக்காகக் காத்திருப்பதைக் காட்டும் பத்தியையும் பாருங்கள்.

டிஸ்க் பதில் சொல்ல 20 மில்லிவிநாடிக்கு மேல் அடிக்கடி எடுத்தால் குற்றவாளி ப்ராசஸர் இல்லை. சுழலும் ஹார்ட் டிஸ்கைத் தூக்கிவிட்டு நல்ல எஸ்எஸ்டி போடுங்கள். ரேம் தீர்ந்து டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்தால் ரேம் வாங்குங்கள். கவுன்ட்டருக்குப் போகும் கேபிள் பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் வழியாகப் போனால் அதை மாற்றுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்து, சிபியு மொத்தம் 70-80 சதவீதத்தில் நீண்ட நேரம் நின்றால் கோர் எண்ணிக்கை போதவில்லை.

மொத்தம் குறைவாகக் காட்டியும் வேலை மெதுவாக நடந்தால், அதுதான் எம்.சி. ரோட்டுக் கதை. 100-ஐ த்ரெட் எண்ணிக்கையால் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். 16 த்ரெட் என்றால் 6.25. டாஸ்க் மேனேஜரின் விவரப் பட்டியலில் உங்கள் மென்பொருள் அந்த எண்ணருகே போய் ஒட்டிக்கொண்டு அதற்கு மேல் ஏறவே இல்லை என்றால், அது ஒரே கோரை நம்பி ஓடுகிறது. ஒவ்வொரு கோரின் வரைபடத்தையும் தனித்தனியாகப் பார்த்து ஏமாறாதீர்கள். விண்டோஸ் அந்த வேலையைக் கோர் விட்டுக் கோர் மாற்றிக்கொண்டே இருப்பதால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் ஓடுவது போலத் தெரியும்.

அப்புறம், காசு செலவில்லாத ஒரு வேலை. விண்டோஸ் சர்வரின் மின் அமைப்பு இயல்பாக 'பேலன்ஸ்ட்' என்றே இருக்கும். அதை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள். பயாஸிலும் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) மின்சேமிப்பு அமைப்பு இருந்தால் செயல்திறன் பக்கம் மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

இரண்டாம் படி: எந்த மாதிரி வேலை என்று பிரியுங்கள்

டேலி, சிறு பில்லிங் மென்பொருள், எக்ஸ்பிரஸ் பதிப்பின் மேல் ஓடும் இஆர்பி (ஸ்டாக், கணக்கு எல்லாம் சேர்ந்த மென்பொருள்) போன்றவற்றுக்குக் குறைந்த கோர், அதிக வேகம். நான்கு முதல் எட்டு கோர் தாராளம். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தப் பதிவு (எப்போது என்ன மாற்றினார்கள் என்ற பதிவு) கட்டாயமானது. அதனால் டேட்டா அளவு வேகமாக வளர்கிறது. ஆனால் அது தேடுவது டிஸ்க் வேகத்தையும் ஒற்றைக் கோர் வேகத்தையும்தான்.

பலர் ரிமோட் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து வேலை செய்யும் அலுவலகம் வேறு ரகம். ஒவ்வொருவரின் பிரௌசரும் எக்ஸலும் சர்வரில்தான் ஓடும். இங்கே கோர் எண்ணிக்கை உண்மையிலேயே உதவும். இணையத்தில் கிடைக்கும் 'ஒரு கோருக்கு இத்தனை பேர்' என்ற வாய்ப்பாட்டை நம்பாமல், உங்கள் ஆட்கள் ஐந்து பேரை வழக்கமான வேலை செய்ய விட்டு அளந்து, பெருக்கிக்கொள்ளுங்கள்.

மாதவரம், மணலி பக்கம் கன்டெய்னர் லாரி ஓட்டும் நிறுவனங்கள் ஜிபிஎஸ் டேட்டாவை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் போட்டு வைப்பதைப் பார்க்கிறேன். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி ப்ராசஸ் திறக்கும், கோருக்கு லைசென்ஸும் கிடையாது. அதனால் 16, 24 கோர் என்று தயங்காமல் போகலாம். பல விர்ச்சுவல் மெஷின் (ஒரே சர்வருக்குள் தனித்தனியாக ஓடும் கணினி, சுருக்கமாக விஎம்) வைப்பவர்களுக்கும் அப்படித்தான்.

மண்ணடி, கடற்கரை ரயில் நிலையம் பக்கம் இருக்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்கள் பலவற்றில் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பிரௌசர் வழியாகத்தான் வேலை. உள்ளே இருக்கும் சர்வர் ஸ்கேன் செய்த பில் ஆஃப் லேடிங்கையும் (கப்பல் சரக்கு ரசீது) இன்வாய்ஸையும் சேமித்து வைக்கிறது, அவ்வளவுதான். அங்கே ப்ராசஸர் ஒரு கேள்வியே இல்லை. விலை குறைந்த நான்கு கோர் வாங்கி, மிச்சப்பட்ட பணத்தை பேக்கப்பில் போடுங்கள். சிசிடிவி பதிவை இதே சர்வரில் ஏற்றலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், அதற்குத் தனிப் பெட்டி வையுங்கள்.

மூன்றாம் படி: விவரத்தாளைச் சரியாகப் படியுங்கள்

ஒரே இன்டெல் தாளிலிருந்து இரண்டு பெயர்களை எடுத்துக்கொள்வோம். ஸியான் சில்வர் 4410ஒய்: 12 கோர், அடிப்படை வேகம் 2.0 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.9, 150 வாட். ஸியான் இ-2488: 8 கோர், அடிப்படை 3.2, உச்சம் 5.6, 95 வாட். கேட்டவுடன் பெரியதாகத் தோன்றுவது சில்வர்தான். ஆனால் பில்லிங், டேலி மாதிரி ஒற்றைக் கோர் வேலையில் இ-2488 அதைத் தெளிவாக முந்திவிடும். சில்வர் எதற்கு என்றால், நிறைய ரேமும் நிறைய கார்டும் போட வேண்டிய சர்வருக்கு.

உச்ச வேகம் என்பது ஒன்றிரண்டு கோர் மட்டும் ஓடும்போது, சூடும் கட்டுக்குள் இருந்தால் கிடைப்பது. எல்லாக் கோரும் ஓடும்போது அது இறங்கும். த்ரெட் எண்ணிக்கையையும் கோராக எண்ணாதீர்கள். ஒரு கோரில் இரண்டு த்ரெட் என்பது ஒரே அடுப்பில் இரண்டு சமையல்காரர் நிற்பது மாதிரி. கொஞ்சம் கூடுதல் வேலை நடக்கும், இரண்டு மடங்கு நடக்காது. கிளவுடில் விசிபியு என்று விற்பதும் இன்டெல் மெஷின்களில் வழக்கமாக ஒரு த்ரெட்தான். 4 விசிபியு என்றால் இரண்டு கோர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமுறையைப் பெயரிலேயே கண்டுபிடிக்கலாம். ஸியான் 4410, 6434 போன்ற நான்கு இலக்கப் பெயர்களில் இரண்டாவது இலக்கம் தலைமுறை. இங்கே இரண்டுமே நான்காம் தலைமுறை, 2023 ஜனவரியில் வந்தவை. ஏஎம்டி நிறுவனத்தின் சர்வர் ப்ராசஸரான எபிக்கில் கடைசி இலக்கத்தைப் பாருங்கள்: 9354 நான்காவது, 9355 ஐந்தாவது. பின்னால் 'பி' என்று இருந்தால் ஒற்றை சாக்கெட் போர்டில் மட்டும் ஓடும். 'எஃப்' என்றால் வேகத்துக்காகச் செய்தது, 'எக்ஸ்' என்றால் கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) மிக அதிகம்.

நான்காம் படி: லைசென்ஸ் கணக்கைப் ப்ராசஸர் வாங்கும் முன்பே போடுங்கள்

விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டுக்கு லைசென்ஸ் ஃபிசிக்கல் கோர் கணக்கில். ஒரு ப்ராசஸருக்குக் குறைந்தது 8, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோருக்கு வாங்கியே ஆக வேண்டும். அப்படி முழுவதும் வாங்கினால் இரண்டு விண்டோஸ் விர்ச்சுவல் மெஷின் ஓட்டலாம். நான்கு வேண்டுமென்றால் எல்லாக் கோருக்கும் மறுபடி ஒருமுறை வாங்க வேண்டும்.

எம்.சி. ரோட்டு மெஷினை இதில் வைத்துப் பாருங்கள். 28 கோர், அதனால் 28 கோருக்கு லைசென்ஸ். நான்கு விஎம் என்றால் 56. அதே கடைக்கு ஒரு எட்டு கோர் ப்ராசஸர் போட்டால் 16, நான்கு விஎம்முக்கு 32. மலிவாகக் கிடைத்த பழைய மெஷின், மிச்சப்பட்ட பணத்தை லைசென்ஸில் பிடுங்கிக்கொள்கிறது. எட்டு கோருக்கும் பதினாறு கோருக்கும் விண்டோஸ் விலை ஒன்றுதான் என்பதால், கொஞ்சம் வளர்ச்சிக்கு இடம் வேண்டுமென்றால் 16 கோர் வரை போகலாம். 16-ஐத் தாண்டும் ஒவ்வொரு கோரும் சேவைக்கு வரும் முன்பே காசு கேட்கும்.

எஸ்கியூஎல் சர்வர் ஸ்டாண்டர்டைக் கோர் கணக்கில் வாங்கினால் இன்னும் கவனம் தேவை. ஒரு கோரின் விலை விண்டோஸைவிடப் பல மடங்கு. ஒரு ப்ராசஸருக்குக் குறைந்தது நான்கு கோர். இங்கேதான் 'எஃப்' வகை ப்ராசஸருக்கு வேலை: ஒவ்வொரு கோரும் வேகமாக இருந்தால் குறைவான லைசென்ஸில் அதே வேலை முடியும். ஆட்கள் குறைவு என்றால் சர்வருக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்ற சிஏஎல் முறையிலும் ஸ்டாண்டர்டு கிடைக்கும். அதில் கோர் எண்ணிக்கைக்கு விலையே இல்லை. இருபது பேர் அலுவலகத்துக்கு இரண்டு விலையையும் எழுத்தில் கேளுங்கள்.

ஐந்தாம் படி: ரேம்

ஒவ்வொரு ப்ராசஸருக்கும் ரேமோடு பேச இத்தனை பாதை என்று உண்டு. ஸியான் இ-2400, எபிக் 4004 வகைகளுக்கு இரண்டு. நான்காம், ஐந்தாம் தலைமுறை ஸியான் ஸ்கேலபிளுக்கு (சில்வர் 4410ஒய் மாதிரியானவை) எட்டு. எபிக் 9004, 9005 வகைகளுக்குப் பன்னிரண்டு. எட்டுப் பாதை ப்ராசஸர் வாங்கி ஒரே ஒரு 64 ஜிபி ரேமைச் செருகிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எட்டு வழிச் சாலையில் ஏழு வழியை மூடிவிட்டு லாரி விடுவது மாதிரி. அதே 64 ஜிபியை எட்டு 8 ஜிபி துண்டாகப் போட முடியாவிட்டாலும் நான்கு 16 ஆகவாவது கேளுங்கள்.

ஈசிசி ரேம் கட்டாயம். ஒரு பிட் புரண்டால் தானே திருத்தும், இரண்டு புரண்டால் கண்டுபிடித்துச் சொல்லும். டிடிஆர்5 (புதிய தலைமுறை ரேம்) எல்லாவற்றிலும் ஈசிசி உள்ளேயே இருக்கிறது என்று ஒரு விற்பனைப் பேச்சு ஓடுகிறது. அது சிப்புக்குள் நடப்பது மட்டும்தான். ரேமிலிருந்து ப்ராசஸருக்குப் போகும் வழியில் நேரும் பிழையை அது பார்க்காது. அச்சிட்ட பில்லுக்கும் டேட்டாபேஸில் உள்ள தொகைக்கும் ஒரு நாள் பொருந்தாமல் போனால் யார் பொறுப்பு? டெஸ்க்டாப் ரேம் போட்ட பெட்டியை நான் சர்வர் என்று ஒப்புக்கொள்வதே இல்லை.

ஆறாம் படி: குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஐந்து முதல் ஐம்பது பேர் வரை உள்ள கடை, அலுவலகத்துக்கு என் முதல் பார்வை ஸியான் இ-2400 அல்லது எபிக் 4004. ஸியான் இ-2400 எட்டு கோரோடு நின்றுவிடும், ரேம் 128 ஜிபி வரை. 2024 மே மாதம் வந்த எபிக் 4004 பதினாறு கோர், 192 ஜிபி வரை போகும். அதில் 4464பி என்ற 12 கோர் வகை 65 வாட்டில் ஓடுவதால் ஏசி குறைந்த அறைகளுக்கு எனக்குப் பிடிக்கும்.

இதற்கு மேல் ரேம் வேண்டும், அல்லது வேகமான டிஸ்க்கும் நெட்வொர்க் கார்டும் நிறையச் செருக வேண்டும் என்றால் மட்டும் ஒற்றை சாக்கெட் ஸியான் ஸ்கேலபிள், ஸியான் 6 அல்லது எபிக் 8004, 9004 பக்கம் போங்கள். இரண்டு சாக்கெட்? இன்று ஒரே எபிக் 9004-இல் 128 கோர் வரை கிடைக்கிறது. அப்படியிருக்க, நடுத்தரத் தொழிலுக்கு இரண்டாவது சாக்கெட் தேவைப்படுவது மிக அரிது. ஒரு ப்ராசஸர் மற்றதன் ரேமைத் தொட எடுக்கும் கூடுதல் நேரமும் அதில் உண்டு. ஒரு பெரிய மெஷினுக்குப் பதிலாக இரண்டு சிறிய மெஷின் வாங்கி, ஒன்றை மாற்றாக நிறுத்தி வைப்பதைத்தான் சொல்வேன். ஒன்று படுத்தால் கடை மூடாது.

ஏழாம் படி: சூடு, மின்சாரம், உப்புக் காற்று

விவரத்தாளில் இருக்கும் வாட் எண்ணை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நம் பக்கம் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். 100 வாட் தொடர்ந்து ஓடினால் வருடத்துக்கு 876 யூனிட். உங்கள் வணிக மின்கட்டண விகிதத்தால் பெருக்குங்கள், ஐந்து வருடத்துக்குப் பெருக்குங்கள். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி இழுப்பது தனி.

சர்வர் அறைக்கு ஆஷ்ரே அமைப்பு பரிந்துரைப்பது 18 முதல் 27 டிகிரி. நம் கடைகளில் சர்வர் இருப்பது பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே, இல்லையென்றால் ஸ்டாக் அறையின் மூலையில். இரவு கடை சாத்தும்போது ஏசியையும் அணைத்துவிட்டுப் போவார்கள், சர்வர் மட்டும் ஓடும். மே மாதம் அந்த அறைக்குள் காலையில் நுழைந்தால் முகத்தில் அனல் அடிக்கும். சூடு ஏறினால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் 5.6 கிகாஹெர்ட்ஸுக்குக் கொடுத்த காசு அங்கே ஆவியாகிவிடும். அறையைக் குளிர்விக்க முடியாது என்றால் 65, 80, 95 வாட் வகைகளுக்குள்ளேயே நில்லுங்கள்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கடலோரத்துக்கு இன்னொன்றும் உண்டு. மீன்பிடித் துறைமுகத்தின் அருகே ஒரு ஐஸ் கம்பெனியில் சர்வர் அடிக்கடி உறைந்துபோகிறது, ப்ராசஸர் போய்விட்டது என்றார்கள். ரேமைக் கழற்றினேன். தங்கப்பூச்சு விளிம்பில் மெல்லிய பச்சைப் பொடி பூத்திருந்தது. கடலைப் பார்த்த ஜன்னல் நாள் முழுவதும் திறந்திருக்கும், காற்றாடி அந்தக் காற்றை நேராகப் பெட்டிக்குள் இழுக்கும். ரேமையும் ஜன்னலையும் மாற்றினோம், ப்ராசஸர் அப்படியே ஓடுகிறது. வாட் குறைந்த ப்ராசஸருக்குக் காற்றாடி குறைவாகச் சுழலும், உப்பும் குறைவாக உள்ளே வரும். சர்வரைத் தரையில் வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாம் புயலும் சொல்லிவிட்டுப் போயின.

எட்டாம் படி: பழைய சர்வர் வாங்கலாமா?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஸியான் இ5 மெஷின்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பேக்கப் சேமிக்க, பசங்க பழக, லினக்ஸ் சோதனைக்கு நல்லது. இ5-2680 வி4 2016-இல் வந்தது. உச்சமே 3.3 கிகாஹெர்ட்ஸ், ஒன்றுக்கு 120 வாட். பில்லிங்குக்கும் டேட்டாபேஸுக்கும் அதை வாங்காதீர்கள். போர்டு போனால் மாற்றுக்கு மறுபடி பழையதைத்தான் தேட வேண்டும்.

ஒன்பதாம் படி: கொட்டேஷனும் சோதனையும்

'ஸியான் ப்ராசஸர், 64 ஜிபி ரேம்' என்று மட்டும் எழுதிய கொட்டேஷனைத் திருப்பி அனுப்புங்கள். ப்ராசஸரின் முழு மாடல் எண், எத்தனை ரேம் எந்த அளவில், ஈசிசியா, எத்தனை இடம் காலி, வாரன்டியில் ஆள் நேரில் வருவாரா, எத்தனை மணி நேரத்தில் என்பவை இருக்க வேண்டும். விண்டோஸ் லைசென்ஸ் எத்தனை கோருக்கு என்பதும் எண்ணாக எழுதியிருக்க வேண்டும்.

முழுத்தொகை கொடுக்கும் முன் உங்கள் டேட்டாபேஸின் பிரதி ஒன்றை அந்த மெஷினிலோ, அதே ப்ராசஸர் உள்ள வேறு மெஷினிலோ ஏற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மெதுவான ரிப்போர்ட் எதுவோ அதையே ஓட்டுங்கள், அது ஓடும்போதே பில்லும் போடுங்கள்.

எம்.சி. ரோட்டுக் கடையில் அன்றிரவு செய்தது இரண்டே வேலை: மின் அமைப்பை மாற்றினேன், கடை சாத்தும் வரை ஸ்டாக் ரிப்போர்ட் எடுக்க வேண்டாம் என்று கணக்கரிடம் சொன்னேன். தீபாவளி அதிலேயே ஓடிவிட்டது. பொங்கலுக்கு முன் எட்டு கோர் மெஷின் ஒன்றும் ஸ்டாண்டர்டு பதிப்பும் வாங்கினார்கள். ரிப்போர்ட்டுக்கு வேண்டிய இன்டெக்ஸை (டேட்டாவைச் சீக்கிரம் தேட உதவும் பட்டியல்) மென்பொருள்காரரிடம் சொல்லிப் போட வைத்தோம். முதல் சனிக்கிழமை மாலை மாடியில் ரிப்போர்ட் ஓடும்போதே கீழே கவுன்ட்டரில் போய் நின்று எண்ணினேன். இரண்டு முடிவதற்குள் பில் வெளியே வந்துவிட்டது. பழைய மெஷின் இப்போது மாடியில் பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கிறது.